திண்டுக்கல் லேத் பட்டறையில் மூன்று நாள்: உயரம் ஏற்றிய ஜீப்பும் அதன் ஜாயிண்ட் ஷாஃப்ட்டும்

தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. காபிக்கு நடுவே மிளகுக் கொடி, ஓரங்களில் மலைவாழை. தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் கல்லுப் பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் ஏறுவது ஒரே வண்டிதான்: அப்பா வாங்கிவைத்த 1978 மாடல் மஹிந்திரா சிஜே-3பி. உயரமான பானட், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 இஞ்ச் மட்டும் உள்ள குட்டை ஜீப். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அப்பாவே டீசல் எஞ்சின் போட்டார். அவர் போனபிறகு பதினோரு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன்.

அந்த ஜீப்பின் பின் ஜாயிண்ட் ஷாஃப்ட்டை, அதாவது எஞ்சின் பக்கத்துச் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் குழாயை, சரிசெய்து கொடுத்த திண்டுக்கல் பட்டறையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மூன்று நாள் ஆனது, 9,980 ரூபாய் ஆனது, வேலை அருமை. பழைய ஜீப்பை உயரம் ஏற்ற நினைப்பவர்களும், ஏற்றிவிட்டு அவதிப்படுபவர்களும் முதலில் போகவேண்டிய இடம் இதுபோன்ற பட்டறைதான். பெயரை எழுதவில்லை, ஏனென்றால் பெயர்ப் பலகையே கிடையாது. போன் நம்பர் போடட்டுமா என்று கேட்டேன். பட்டறையை நடத்தும் பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். “போன்ல அளவு சொன்னா நான் வேலை செய்யறதில்ல தாயி. வண்டி வரட்டும்.” செம்பட்டி பக்கமிருந்து ஊருக்குள் நுழையும்போது லாரிப் பட்டறைகள் வரிசையாக வரும். அங்கே ஜாயிண்ட் ஷாஃப்ட் பெரியவர் என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

உயரம் ஏற்றிய கதையைச் சொல்லாமல் அவர் வேலையின் அருமை புரியாது.

எங்கள் கல்லுப் பாதையில் நடுமேடு அதிகம். இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகி நடுவில் கல் துருத்திக்கொண்டு நிற்கும். பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டைக் கூடு, கிரவுன் ஹவுசிங், அதில் இடிக்கும். போன வருடம் ஒருதரம் இடித்ததில் ஆயில் கசிவே வந்துவிட்டது. கீழே சமவெளியில் ஒரு பட்டறைக்காரரிடம் காட்டினேன். இரண்டரை இஞ்ச் ஏற்றிவிடலாம், கவலையே வேண்டாம் என்றார். கமான் கட்டில், அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கில், ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். அதில் ஒன்றரை இஞ்ச் ஏறியது. கமான் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளையும் மாற்றி, பழையதைவிட இரண்டு இஞ்ச் நீளமான ஷேக்கிள் போட்டார். ஷேக்கிள் கமானின் ஒரு முனையில் மட்டும் இருப்பதால் அதன் நீளத்தில் பாதிதான் அச்சுக்கு வரும். ஆக அதில் ஒரு இஞ்ச். காலையில் விட்ட வண்டியை மாலையில் கொடுத்தார். ஷாஃப்ட்டை அவர் தொடவே இல்லை. தொடவேண்டும் என்று எனக்கும் தெரியாது.

திரும்பி வரும்போதே ஐயம்பாளையம் தாண்டி ஒரு நடுக்கம் தெரிந்தது. 35 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து 45 வரை சீட்டுக்கு அடியில் உர்ரென்று இருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் அடங்கும். ஆக்சிலேட்டரை விட்டால் சத்தம் மாறும். புது கமான், பழகினால் சரியாகிவிடும் என்று பட்டறைக்காரர் போனில் சொன்னார். ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். அதற்குள் தரைத் தகட்டின் அடிப்பக்கம், ஷாஃப்ட் சுற்றும் நேருக்கு நேராக, குறுக்கே ஒரு கோடு மாதிரி கிரீஸ் அடித்திருந்தது. ஷாஃப்ட்டின் முனையில் மடங்கும் ஜாயிண்டுக்கு நடுவே கூட்டல் குறி மாதிரி இருக்கும் இரும்புதான் கிராஸ். அதன் சீல் கிழிந்து கிரீஸ் வெளியே சிதறுகிறது என்று அதற்கு அர்த்தம். வண்டி கழுவுகிற அண்ணன் காட்டினார். பார்த்துவிட்டு, காபி உரம் போடுகிற வேலையில் தள்ளிப்போட்டுவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் உரமூட்டை ஆறு ஏற்றிக்கொண்டு பெரும்பாறையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முதல் கியருக்கு மாற்றி கிளட்ச்சை விட்டதும் கீழே டணார் என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. நகரவில்லை என்றால் நின்றது என்று அர்த்தமில்லை, பின்னால் உருளத் தொடங்கியது. கால் பிரேக்கை அழுத்தினேன், நின்றது. கை பிரேக்கை இழுத்தேன், பிடிக்கவே இல்லை. கியரில் போட்டு எஞ்சினை அணைத்தேன், காலை லேசாக எடுத்தால் உருளுகிறது.

இந்தப் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். இதில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸிலிருந்து வரும் சுற்றை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும், கை பிரேக் அதைத்தான் பிடிக்கும். டிரம்முக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே பிடிப்பு ஷாஃப்ட். ஷாஃப்ட் அறுந்தால் கை பிரேக்கும் போனது, கியரில் விட்டு நிறுத்துவதும் போனது. அன்றைக்கு எனக்கு மிச்சமிருந்தது என் வலது கால் மட்டும்தான். கூட வந்த அண்ணன் இறங்கி, ரோட்டோரத் தடுப்புச் சுவரிலிருந்து உதிர்ந்த கற்களைப் பொறுக்கிவந்து நான்கு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தார். அதன்பிறகுதான் நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

கீழே குனிந்து பார்த்தால், மேல் ஜாயிண்டின் கிராஸ் இரண்டாக உடைந்து, ஷாஃப்ட்டின் முன்முனை தார் ரோட்டில் குத்தி நின்றது. ஏற்றத்தில், நடக்கிற வேகத்தில் நடந்ததால் தப்பித்தோம். வேகமாகப் போகையில் அந்த முனை பள்ளத்தில் குத்தியிருந்தால் வண்டியையே தூக்கியிருக்கும். மிச்சமிருந்த பின் ஜாயிண்டைக் கழற்றி ஷாஃப்ட்டை எடுத்து உள்ளே போட்டோம். முன் அச்சுக்கான லீவரைத் தள்ளி முன் சக்கரத்தை இணைத்தேன். இணைத்ததும் கை பிரேக் திரும்ப வேலை செய்தது! டிரம் இப்போது முன் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஏற்றத்தில் வண்டியின் கனம் பின்னால் சாய்வதால் முன் சக்கரம் மட்டும் இழுத்தால் வழுக்கும். இரண்டு மூட்டையை முன்சீட்டுக்கு மாற்றி, இரண்டை இறக்கி டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, முன் சக்கர இழுவையிலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஷாஃப்ட்டை ஒரு சாக்கில் சுற்றி பஸ்ஸில் திண்டுக்கல் கொண்டுபோனேன். பட்டிவீரன்பட்டியில் நாங்கள் காபி போடுகிற கிடங்கில் ஒரு லாரி டிரைவர் சொன்ன இடம்தான் இந்தப் பட்டறை. பெரியவர் சாக்கைப் பிரித்து, உடைந்த கிராஸை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். “கமான் ஏத்துனீங்களா?” என்று கேட்டார். நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. ஊசி பேரிங் ஓடுகிற முனையைக் காட்டினார். நான்கு முனைகளில் இரண்டில் மட்டும் ஊசி ஊசியாகப் பள்ளம் விழுந்திருந்தது, விரலால் தடவினால் சீப்பைத் தடவுவதுபோல இருந்தது. புது கிராஸ் போட்டு வெல்டிங் செய்து கொடுங்கள் ஐயா என்றேன். மாட்டேன் என்றார். “இதையே போட்டுக் குடுத்தா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க. இல்ல, வராமயே போவீங்க. வண்டி வேணும்.”

கோபம் வந்தது உண்மை. பஸ்ஸில் இவ்வளவு தூரம் தூக்கிவந்த பெண்ணிடம் இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து, முன் சக்கர இழுவையிலேயே, இரண்டாவது கியருக்கு மேல் போகாமல், வண்டியைக் கீழே இறக்கினேன்.

அங்கே அன்று நடந்த அளவெடுப்பு ஒன்றுக்காகவே இந்தப் பட்டறைக்கு என் முழு மதிப்பையும் கொடுப்பேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றவில்லை. சமதரையில் நான்கு சக்கரமும் நிற்க வைத்தார்கள். எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டு, கடையில் கிடந்த இரும்புத் துண்டுகளை ஏறக்குறைய அந்தக் கனத்துக்குப் பின்னால் ஏற்றினார்கள். பெரியவரும் அவர் மகனும் கீழே படுத்து, காந்தத்தில் ஒட்டும் சின்ன டிகிரி மீட்டர் ஒன்றை முதலில் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் முகத்தில் வைத்தார்கள். பின்பக்கமாக 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தது. அடுத்து, பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் முகத்தில் வைத்தார்கள். முன்பக்கமாக 8 டிகிரி மேலே பார்த்தது. இரண்டு ஜாயிண்டுக்கும் இடையே படுக்கைவாட்டில் 20 இஞ்ச், இறக்கம் ஆறரை இஞ்ச். மகன் சாக்பீஸால் தரையிலேயே முக்கோணம் போட்டார். ஷாஃப்ட்டின் சாய்வு 18 டிகிரி. உயரம் ஏற்றுமுன் இறக்கம் 4 இஞ்ச் இருந்திருக்கும், அப்போது சாய்வு 11 தான்.

18இல் 3 போனால் மேல் ஜாயிண்ட் மடங்குவது 15 டிகிரி. 18இல் 8 போனால் கீழ் ஜாயிண்ட் மடங்குவது 10. பெரியவர் அந்த இரண்டு எண்ணையும் வட்டமிட்டார். “இது ரெண்டும் ஒண்ணா இருக்கணும் தாயி. அம்புட்டுத்தான் இந்தத் தொழிலு.”

எனக்குப் புரியவில்லை. பழைய இரும்புக் குவியலிலிருந்து கிராஸோடு சேர்ந்த இரண்டு யோக்கை, அதாவது கிராஸைப் பிடிக்கும் கவட்டை இரும்பை, எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நேராகப் பிடித்து ஒன்றைச் சுற்றினால் மற்றதும் சமமாகச் சுற்றியது. மடக்கிப் பிடித்துச் சுற்றச் சொன்னார். ஒன்றை நான் ஒரே சீராகச் சுற்றுகிறேன், மற்றது ஓரிடத்தில் முந்துகிறது, ஓரிடத்தில் பிந்துகிறது. ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு முறை முந்தல், இரண்டு முறை பிந்தல். மடக்கு அதிகமாக அதிகமாக அந்தத் தத்தல் கையிலேயே தெரிந்தது. கிரீஸ் மணிக்கட்டு வரை ஏறியதைக்கூடக் கவனிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறான். அவன் பாடத்தில் இதற்கு ஹூக் ஜாயிண்ட் என்று பெயர். வீட்டுக்கு வந்து அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். 15 டிகிரி மடங்கிய ஜாயிண்டில், முன்னால் இருப்பது எவ்வளவு சீராகச் சுற்றினாலும் பின்னால் இருப்பது நூற்றுக்கு மூன்றரை அளவு கூடிக் குறையும். கீழ் ஜாயிண்டும் அதே 15இல் மடங்கியிருந்தால் இந்தக் கூடல் குறைச்சலை அப்படியே சமன் செய்துவிடும், பினியனுக்குச் சீரான சுற்று போகும். 10 டிகிரி ஜாயிண்டால் சமன் செய்ய முடிவது ஒன்றரைதான். மீதி இரண்டு விழுக்காடு பினியனில் போய் இடித்துக்கொண்டே இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் எங்கள் வண்டியின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்று சுற்றும். சுற்றுக்கு இரண்டு தட்டு என்றால் நிமிடத்துக்கு 3,000 தட்டு. சீட்டுக்கு அடியில் நான் ஒரு மாதம் கேட்ட உர்ர் அதுதான்.

பினியன் ஏன் 8 டிகிரி மேலே பார்த்தது? அந்த நீளமான ஷேக்கிள். பின்பக்க ஷேக்கிளை நீட்டினால் கமானின் பின்முனை கீழே இறங்கும், அதோடு அச்சும் உருண்டு பினியன் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பட்டை சேர்த்ததில் மேல் ஜாயிண்டுக்கு மடக்கு கூடியது. ஷேக்கிள் நீட்டியதில் கீழ் ஜாயிண்ட் அதோடு ஒத்துப்போகாமல் போனது.

அப்புறம் பெரியவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க நேரமானது. “உயரம் எதுக்கு ஏத்துனீங்க?” கிரவுன் கல்லில் இடிக்கிறது என்றேன். தரையிலிருந்து கிரவுன் ஹவுசிங்கின் அடி வரைக்கும் சாணால் அளந்து காட்டினார். “இங்க ஏறுச்சா?” ஏறவில்லை. ஏறவும் முடியாது. கமானை எவ்வளவு உயர்த்தினாலும் சேசிஸ்தான் ஏறும். அச்சு சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, டயர் பெரிதானால் மட்டுமே அது ஏறும். இரண்டரை இஞ்ச்சுக்கு நான் கொடுத்த பணத்தில் என் கிரவுன் ஒரு நூல்கூட உயரவில்லை. இதை எனக்கு முதல் பட்டறையில் யாராவது சொல்லியிருக்கவேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அவர் சொன்ன வழி இது. நீள ஷேக்கிளைக் கழற்றிப் பழைய அளவு ஷேக்கிளே போடுவது. பட்டை சேர்த்த ஒன்றரை இஞ்ச் இருக்கட்டும். 6.00-16 டயரைக் கழற்றி 7.00-16 போட்டால் அச்சு ஏறக்குறைய ஒரு இஞ்ச் ஏறும், அந்த டயர் மட்கார்டில் உரசாமல் திரும்ப ஒன்றரை இஞ்ச் உதவும். டயர் மாற்றினால் ஷாஃப்ட்டின் சாய்வு மாறாது, அச்சும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் சேர்ந்தே ஏறும். யூடியூபில் பார்த்துவிட்டு, மேல் முனையில் இரட்டை ஜாயிண்ட் போட்ட ஷாஃப்ட் செய்யலாமா என்று கேட்டேன். அதற்கு வேறு கணக்கு என்றார். மேலே இரட்டை ஜாயிண்ட் போட்டால் அதுவே தன்னைச் சமன் செய்துகொள்ளும். கீழே இருக்கும் ஒற்றை ஜாயிண்டுக்கு மடக்கே இருக்கக் கூடாது, பினியன் மூக்கு நேராக டிரான்ஸ்ஃபர் பாக்ஸைப் பார்க்கவேண்டும். பினியனை அவ்வளவு தூக்கினால் அதன் முன் பேரிங்குக்கு ஆயில் போவது குறையும். 20 இஞ்ச் ஷாஃப்ட்டில் இரட்டை ஜாயிண்ட் பாதி இடத்தை விழுங்கிவிடும். நாலு இஞ்ச், அஞ்சு இஞ்ச் ஏற்றுகிறவர்களுக்கு அது வேண்டும், உங்களுக்கு வேண்டாம் என்றார். அதிகப் பணம் வரும் வேலையை அவரே வேண்டாம் என்றார், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷேக்கிளை மாற்றியதும் பினியன் 8லிருந்து 5 டிகிரிக்கு இறங்கியது. டிரான்ஸ்ஃபர் பாக்ஸோடு ஒத்துப்போக 3 வேண்டும். மீதி 2 டிகிரிக்குக் கமானுக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த இரும்புத் தகடு கடைந்து வைத்தார். அலுமினியம் நசுங்கிவிடும் என்று இரும்பிலேயே செய்தார். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் நீளம் கூடுதலாகப் புதிது போட்டார். மறுபடி பாரம் ஏற்றி அளந்தார்கள். ஷாஃப்ட் சாய்வு 15, மேலே மடக்கு 12, கீழே மடக்கு 12. மகன் தரையில் பழைய எண்களை அழிக்காமல் பக்கத்திலேயே புதிதை எழுதினார்.

அதன்பிறகுதான் ஷாஃப்ட்டைத் தொட்டார்கள். முதலில் சேசிஸைத் தூக்கிப் பின் அச்சைத் தொங்கவிட்டார்கள். அச்சு முழுக்கத் தொங்கும்போது ஷாஃப்ட் எவ்வளவு நீளவேண்டும், ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் யோக்கின் பல் வெட்டு (ஸ்ப்லைன்) எவ்வளவு உள்ளே மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். அப்புறம் பாரம் அமுங்கி அச்சு மேலே வந்தால் ஸ்லிப் யோக் முட்டுகிறதா என்று பார்த்தார்கள். முட்டினால் அந்த இடி டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பேரிங்கில் இறங்கும். எல்லாம் பார்த்து முடித்து அவர் சொன்ன நீளம்: 10 மில்லி கூட்டினால் போதும். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான். அந்த 10 மில்லி எந்தப் பக்கம் தப்பினாலும் ஒரு பக்கம் கழன்றுவரும், மறுபக்கம் முட்டும். பழைய குழாயில் நசுங்கல் இருந்ததால் அதை அப்படியே கழித்துவிட்டுப் புதிய, கொஞ்சம் கனமான குழாய் வெட்டினார்.

லேத்தில் ஏற்றி வெல்டிங் வைத்த அந்த ஒரு மணி நேரம் நான் ஸ்டூலைவிட்டு எழவே இல்லை. இரண்டு முனை யோக்கின் காதுகளும் ஒரே நேரில் இருக்கவேண்டும். ஒரு தட்டையான மேசையில் படுக்கவைத்து இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். முதலில் நான்கு புள்ளி மட்டும் வெல்டிங் வைத்தார். கோணலை முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்து, ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் லேத் சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு பக்கமாக அரை மில்லி ஓடியது. செம்புச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. மறுபடி சுற்றினார். இன்னொரு தட்டு, முன்னதைவிட மெதுவாக. மூன்றாம் சுற்றில் முள் கால் மில்லிக்குள் நின்றது. அப்போதுதான் முழு வெல்டிங். ஒரே மூச்சில் சுற்றி வைக்காமல் எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார், சூட்டில் வளையாமல் இருக்க. ஆறவிட்டு மறுபடி டயல். சாயங்காலம் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றினார்கள். ஓடவிட்டு, மெஷின் காட்டிய இடத்தில் நகம் அளவு தகடு ஒன்று ஒட்டி, மறுபடி ஓட்டி, அதில் பாதியைத் தேய்த்து எடுத்து, மறுபடி ஓட்டினார்கள். ஸ்லிப் யோக்கிலும் குழாயிலும் உளியால் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். கழற்றினால் இரண்டு அம்பும் எதிரெதிரே வரும்படிதான் மாட்டவேண்டும், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் செய்த வேலை அத்தனையும் வீண்.

கடைசியாக, கமான் தொங்கிய நிலையில் ஷாஃப்ட்டைக் கையாலேயே முழுச் சுற்று சுற்றிக் காட்டினார், யோக்கின் காது எங்கேயும் உரசவில்லை என்று.

கணக்கு இது. கிராஸ் இரண்டும் 1,300, குழாயும் லேத் வேலையும் வெல்டிங்கும் 3,500, பேலன்ஸிங் 1,200, ஆப்புத் தகடு ஜோடி 1,100, யூ போல்ட் நான்கு 880, கழற்றி மாட்டிய கூலி 2,000. இது என் வண்டிக்கு ஆனது, உங்களுக்கு மாறும். டயர் தனிச் செலவு, அதை நான் வேறு கடையில் வாங்கினேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வேலை என்று சொல்லி மூன்று நாள் ஆக்கினார்கள். நடுவில் ஒரு காய்கறி லாரி வந்ததும் என் வண்டியை அரை நாள் ஓரம்கட்டிவிட்டார்கள். அவசரம் இருப்பது காய்கறி லாரிக்காரர்களுக்குத்தான், எனக்குத் தெரியும், இருந்தாலும் முன்பே சொல்லியிருக்கலாம். பில் கேட்டால்தான் எழுதுகிறார்கள். உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறது. பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது, எதிரே உள்ள பெட்ரோல் பங்குக்குத்தான் போகவேண்டும். ஷாஃப்ட்டுக்கு அடித்த கறுப்பு பெயின்ட் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை, ஊருக்கு வந்து நானே ரெட் ஆக்ஸைடு அடித்தேன். முன் ஷாஃப்ட்டை இந்தத் தடவை பார்க்கவில்லை. அது நீளமானது, சாய்வு குறைவு, இப்போதைக்கு ஓடும் என்றார். முன்னால் ஆப்பு வைத்துப் பினியனைத் திருப்பினால் ஸ்டியரிங்கின் காஸ்டரும் சேர்ந்து மாறிவிடும், திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாது. அதனால் யோசித்துத்தான் கை வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். முன்பக்க நீள ஷேக்கிளை மட்டும் கழற்றச் சொன்னார், கழற்றியதும் ஸ்டியரிங் பழையபடி கைக்கு அடங்கியது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் அவரே ஞாபகப்படுத்தினார், அந்த எண்ணைச் சொல்லி அல்ல. “கம்பெனி குடுத்த அளவ ரொம்ப மாத்தாதீங்க, எஃப்.சி.ல நிப்பாட்டுவான்.” ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் கொடுத்ததற்கு மாறாகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பெரிதாக ஏற்ற நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு செம்பட்டி வழியாகத் திரும்பும்போது 35ஐத் தாண்டினேன். 40. 45. சீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஐயம்பாளையம் வரும்வரை நம்பாமல் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்திப் பார்த்தேன். 55இல் லேசான ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. 12 டிகிரி மடக்கு என்பது குட்டை ஷாஃப்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்தான், அது அவ்வளவுதான் இருக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் மலை ரோட்டில் 55 போக இடமே இல்லை. பெரும்பாறை வளைவில், போன தடவை நின்ற அதே இடத்தில், வேண்டுமென்றே நிறுத்திக் கை பிரேக்கை இழுத்தேன். ஆறு மூட்டையோடு அப்படியே நின்றது. அன்றைக்கு அண்டை கொடுத்த கற்களில் இரண்டு இன்னும் ரோட்டோரம் கிடந்தன.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே இரண்டு கிராஸுக்கும் ஸ்லிப் யோக்குக்கும் கிரீஸ் அடித்துவிடுகிறேன். புது கிரீஸ் நான்கு முனையிலும் எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும். மூன்று முனையில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த முனை காய்கிறது என்று அர்த்தம், இது அவர் சொல்லிக்கொடுத்தது. தரைத் தகட்டின் அடியைத் துடைத்து வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், கிரீஸ் கோடு விழுந்தால் உடனே தெரியும். இதுவரை விழவில்லை.

போகிறவர்கள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், லாரிகள் வருமுன். வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு போனால் அவர்கள் இரும்பு தேடவேண்டியதில்லை. பழைய ஷேக்கிள், பழைய போல்ட் எதையும் தூக்கிப்போடாமல் கொண்டுபோங்கள், என்னுடையது வீட்டுப் பரணில் கிடந்ததால்தான் புதிது வாங்காமல் தப்பித்தேன். எங்களுக்குக் காபி பறிப்பு மாசியில் ஓயும். ஓய்ந்ததும் முன் ஷாஃப்ட்டுக்கு வண்டியைக் கீழே இறக்குகிறேன்.